சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விட்டால் முடிந்துவிடுமா?

முதலில் ஒரு விடயத்தை ஒத்துக்கொண்டு விடுகிறோம். போன மாரிக்கு முன்னர் நாங்கள் ஒரு பூனையைச் சாக்கில் கட்டி, மோட்டார் சைக்கிளில் வைத்து, ஒலுவில் துறைமுகப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். இரவு பத்து மணியிருக்கும். சாக்கின் வாயை அவிழ்த்ததும் அது ஒரு பாய்ச்சல் பாய்ந்து கல்லணைப் பக்கம் ஓடி மறைந்தது. "அங்க மீன் கிடக்கும், அது பொழச்சிக்கும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தோம். வந்து நிம்மதியாகத் தூங்கினோம்.

நாங்கள் நான்கு பேர். கலைப்பீடம். கெம்பஸுக்குக் கிட்ட ஒரு போர்டிங்கில் இருக்கிறோம். வீட்டுக்கார மாமி பின்பக்கத்து வளவில் கொஞ்ச நிலத்தை "சும்மாதானே கிடக்கு, ஏதாச்சும் நடுங்களன் மகன்" என்று தந்தா. கொத்தி, சாணம் போட்டு, தக்காளி, கொச்சிக்காய், வெண்டி, கொஞ்சம் பசளி என்று நட்டோம். நாலு பேருடைய சாப்பாட்டுச் செலவில் கொஞ்சம் குறையும் என்பதுதான் கணக்கு. மரக்கறி விலை உங்களுக்கே தெரியும்.

நட்ட நாளிலிருந்து பூனை. அது யாருடைய பூனையும் இல்லை, நாலு வளவுக்கும் பொதுவானது. கொத்திப் பதமாக்கிய மண்ணைக் கண்டால் அதற்குக் கக்கூஸ் கண்ட மாதிரி. காலையில் போய்ப் பார்த்தால் நாற்று பிடுங்கிக் கிடக்கும், பாத்தி கிளறிக் கிடக்கும், நாற்றம் வேறு. இரண்டு தடவை மறுபடி நட்டோம். மூன்றாவது தடவைதான் அந்தச் சாக்கு.

மூன்றாம் நாள், குசினிக்குப் பின்னால் அடுக்கியிருந்த பொச்சுமட்டைக் குவியலுக்குள் இருந்து ஒரு சத்தம். மட்டையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று குட்டிகள். கண் சரியாகத் திறக்கவில்லை. ஒன்று ஏற்கெனவே செத்திருந்தது.

அது தாய்ப்பூனை என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் சரியில்லை, நாங்கள் பார்க்கவில்லை. எங்களுக்கு அது "தக்காளியைக் கிளறும் பூனை". அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்க எங்களுக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

அன்று பின்னேரமே துறைமுகத்துக்கு ஓடினோம். அடுத்த நாலு நாளும் போனோம். கரைவலை இழுக்கும் இடம், வாடிப் பக்கம், கல்லணை, எல்லா இடமும் தேடினோம். பூனைகள் நிறைய இருந்தன. எங்களுடையது இருக்கவில்லை. எங்களைப் போல எத்தனை பேர் எத்தனை சாக்குகளை அங்கே அவிழ்த்திருப்பார்கள் என்று அப்போதுதான் விளங்கிச்சு. இரண்டாவது குட்டியும் செத்துப் போச்சு. நாங்கள் பசுப்பால் கொடுத்துக்கொண்டிருந்தோம். குட்டிகளுக்கு அது ஒத்துவராது, வயிற்றாலே போகும் என்று மிருக வைத்தியர் சொல்லித்தான் தெரியும். மற்றக் குட்டியை மாமி தன்னுடைய அறைக்குள்ளே வைத்துக் காப்பாற்றி எடுத்தா.

இதையெல்லாம் பச்சாதாபத்துக்காக எழுதவில்லை. இதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை எழுத வைத்தது. இரண்டு கிழமைக்குள் ஒரு கடுவன் பூனை வந்தது. பிறகு இன்னொன்று. தோட்டம் மறுபடியும் கிளறிக் கிடந்தது. பூனையைக் கொண்டுபோய் விட்டோம், பிரச்சினை போகவில்லை. ஒரு பூனை ஓரிடத்தில் இருப்பது அங்கே தின்ன ஏதோ இருப்பதால். எங்கள் போர்டிங்கின் பின்பக்கம் மூடியில்லாத ஒரு வாளி இருந்தது, மீன் கழுவிய கழிவு, மிஞ்சின சோறு எல்லாம் அதற்குள்தான். வாளி அப்படியே இருந்தது. பூனை மட்டும் மாறியது.

இப்போது எங்கள் கருத்துக்கு வருகிறோம். வளவுக்குள் வரும் மிருகத்தைப் பிடித்து வேறு ஓர் இடத்தில் விடுவது தீர்வு இல்லை. அது பிரச்சினையை அடுத்தவரின் வளவுக்குத் தள்ளிவிடுவது. இந்தப் பழக்கம் எங்கள் நாலு பேருடையது மட்டுமில்லை. ஊருக்கும் இருக்கிறது, நாட்டுக்கும் இருக்கிறது.

ஒலுவிலிலிருந்து உள்பக்கமாகப் போனால் அஷ்ரப் நகர், பள்ளக்காடு. அந்தக் குப்பை மேட்டைப் பற்றி நம்மில் பலர் வெளிநாட்டுச் செய்திகளில்தான் முதலில் படித்தோம். 2022 ஜனவரியில் அங்கே இரண்டு யானைகள் செத்துக் கிடந்தபோது உலகம் முழுக்க அந்தப் படங்கள் போயின. எட்டு வருடத்தில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்திருப்பதாக அந்தச் செய்திகள் சொல்லின. வெட்டிப் பார்த்தபோது வயிற்றுக்குள் பொலித்தீனும் உணவுப் பொதி உறைகளும் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் தொடங்கிய இடம் அது. சுற்றியுள்ள 9 ஊர்களின் குப்பை அங்கேதான் போகிறது. இருந்த மின்வேலி 2014இல் மின்னல் தாக்கிப் பழுதானது, திருத்தப்படவில்லை. யானைகள் உள்ளே வந்தன. தின்னப் பழகின. பிறகு குப்பை மேட்டுக்குப் பக்கத்திலேயே தங்கத் தொடங்கின. அங்கிருந்து பக்கத்து வீட்டு வாழைக்கும் வயலுக்கும் வந்தன.

எங்கள் வீட்டுக் கதை அங்கே பெரிதாக நடந்திருக்கிறது. நாங்கள் குப்பையைப் பையில் கட்டி வாசலில் வைக்கிறோம், வண்டி வந்து எடுக்கிறது, அத்தோடு எங்கள் கண்ணுக்கு அது இல்லை. வாளிக்குப் பூனை வந்த மாதிரி, மேட்டுக்கு யானை வருகிறது. பிறகு "யானை ஊருக்குள்ள வந்திட்டு" என்று சத்தம் போடுகிறோம். யானை வெடி கொளுத்துகிறோம்.

யானையைப் பிடித்து வேறு காட்டில் விடுவது பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய குழுவினரும் இலங்கையில் அப்படி இடம் மாற்றப்பட்ட 12 யானைகளுக்குக் கழுத்துப்பட்டியில் கருவி மாட்டிப் பின்தொடர்ந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். சில யானைகள் பிடித்த இடத்துக்கே திரும்பி நடந்து வந்தன. சில எங்கெங்கோ அலைந்து புதிய ஊர்களில் புதிய பிரச்சினைகளை உண்டாக்கின. சில மட்டும் விட்ட இடத்துக்குப் பக்கத்தில் தங்கின. மொத்தத்தில் மனித–யானை மோதல் குறையவில்லை, கூடியது. யானைகளின் சாவும் கூடியது.

குரங்குகளின் கதையும் தெரிந்ததுதானே. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போகிறோம் என்றார்கள். எதிர்ப்பு வந்தது, வழக்குப் போனது, பேச்சு அடங்கியது. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை 8 மணிக்கு, ஐந்தே நிமிடம், நாடு முழுக்க எல்லோரும் தங்கள் தோட்டத்தில் நிற்கும் குரங்கு, மயில், மர அணில்களை எண்ணச் சொன்னார்கள். நாங்களும் விடியக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வளவில் போய் நின்றோம். எண்ணிய நேரத்தில், அவை ஏன் தோட்டத்துக்கு வந்தன என்ற கேள்வியையும் அதே படிவத்தில் கேட்டிருக்கலாம் என்பதுதான் எங்கள் குறை.

ஒலுவிலில் இருக்கும் எங்களுக்கு இதை விளங்கிக்கொள்ள யானை, குரங்கு வரைக்கும் கூடப் போகத் தேவையில்லை. துறைமுகத்தைப் பார்த்தால் போதும். டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டி, 2013 செப்டம்பரில் திறந்தார்கள். அலையணையைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்வது. அணை அதை மறித்தது. ஒரு பக்கம் மணல் சேர்ந்து துறைமுகத்தின் வாயையே அடைத்தது, மறுபக்கம் வடக்கே கடல் கரையைத் தின்றது. தென்னந்தோட்டங்கள் விழுந்தன. கல்லைப் போட்டு ஓர் இடத்தைக் காப்பாற்றினால் அதற்கு அடுத்த இடத்தில் கடல் ஏறுகிறது. அந்தத் தோட்டக்காரர்களுடைய வேலிக்குள் வந்தது பூனையோ மாடோ இல்லை, கடல். இங்கே எதைத் தள்ளிவிட்டாலும் அது இன்னொருவரின் வளவில் போய் நிற்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இதைச் சொன்னால் எங்களோடு படிக்கும் ஒருவர் கேட்டார்: "நீங்க பூனைக்கும் யானைக்கும் கதைக்கிறீங்க. ஒரு போகம் வேளாண்மையை ஒரே ராவில யானை திண்டுட்டுப் போனா அந்த மனுசன் என்ன செய்யிற?" நியாயமான கேள்வி. அவர் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. 2023இல் மட்டும் இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கு மேற்பட்ட மனிதர்களும் யானையால் செத்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு முன்னால் போய் நின்று மிருக நேசம் பேச எங்களால் முடியாது.

வீட்டுத்தோட்டமும் அப்படித்தான், சும்மா பொழுதுபோக்கு இல்லை. 2022ஐ நினைத்துப் பாருங்கள். நாங்கள் அப்போது உயர்தர மாணவர்கள். பசளை இல்லை, எண்ணெய் இல்லை, காஸ் இல்லை. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் ஏதாவது நடச் சொன்ன காலம். மரவள்ளி நட்டுச் சாப்பிட்ட வீடுகள் எங்கள் ஊர்களில் எத்தனை? அந்த நேரத்தில் ஓர் ஆடு வந்து ஒரு பாத்தியை மேய்ந்தால் அது இரண்டு நாள் கறி. ஆகவே தோட்டத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும். எப்படிக் காப்பாற்றுவது என்பதில்தான் நாங்கள் பிழை விட்டோம்.

அந்த யானை ஆய்வாளர்கள் சொல்லும் வழி எங்கள் தோட்டத்துக்கும் பொருந்துகிறது. யானையைக் காட்டுக்குள் அடைத்து வேலி போடுவதைவிட, வயலையும் ஊரையும் சுற்றி வேலி போடுங்கள் என்கிறார்கள். விதைப்புக்குப் போட்டு, அறுவடைக்குப் பிறகு கழற்றி வைத்துவிடலாம். வேலியைப் பார்ப்பவர்கள் அந்த வயல்காரர்களே. 2020இல் அரசாங்கம் நியமித்த குழு தயாரித்த திட்டத்திலும் இதுதான் முக்கியமான விடயம். பூனை வரும் பாதை எல்லாவற்றையும் அடைக்க முடியாது. மதிலில் போத்தல் ஓடு பதித்தாலும் அது முருங்கை மரத்தால் இறங்கி வரும். பாத்தியை மூடலாம்.

நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறோம். முதல் வேலை அந்த வாளி. இப்போது அதற்கு இறுக்கமான மூடி இருக்கிறது, மேலே ஒரு கல்லும் இருக்கிறது. மீன் கழிவை முழங்கை ஆழத்துக்குக் கிடங்கு வெட்டித் தாட்டு, மேலே பொச்சுமட்டை போடுகிறோம். வாழைக்கு நல்ல பசளை.

இரண்டாவது, வலை. ஒலுவில் கரையில் பழுதான நைலோன் வலைக்குப் பஞ்சமா? ஒரு மீனவக் காக்காவிடம் கேட்டோம், சும்மாவே தந்தார். நாலு மூலையிலும் கம்பு நட்டு, பாத்திக்கு மேலே இறுக்கமாக இழுத்துக் கட்டினோம். தொய்வாகக் கட்டினால் ஓணானும் சாரைப்பாம்பும் சிக்கிச் செத்துவிடும், அதைக் கவனியுங்கள். நாற்று கொஞ்சம் வளர்ந்த பிறகு வலையைக் கழற்றி, செடிகளுக்கு நடுவில் குச்சிகளை நெருக்கமாகக் குத்தி வைத்தால் போதும். பூனைக்குத் திரும்பிக் குந்த இடம் கிடைக்காது. மண்ணை ஈரமாக வைத்திருப்பதும், மேலே காய்ந்த இலை, பொச்சு என்று மூடி வைப்பதும் உதவும். பூனைக்குப் பிடித்தது காய்ந்த, இளகிய மண்.

மூன்றாவது, அதற்கும் ஓர் இடம் கொடுத்தோம். வளவின் ஒரு மூலையில், தோட்டத்துக்குத் தூரமாக, ஒரு சாக்குக் கடல்மணல் கொட்டினோம். முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அங்கேதான் போகிறது. பாத்திப் பக்கம் அநேகமாக வருவதில்லை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வேறு வழியில்லை, கடப்பை மூட வேண்டும். கட்டாக்காலி மாடு பற்றி ஊரில் எல்லோரும் ஏசுகிறோம், ஆனால் அது கட்டாக்காலி ஆனது அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தும் அவர் கட்டாததால்தான். அங்கே குற்றம் மாட்டில் இல்லை.

செய்யக்கூடாததையும் சொல்ல வேண்டும். பூச்சி உருண்டை போடச் சொல்வார்கள். பூனைக்கு அது நஞ்சு, தோட்டத்தில் விளையாடும் சின்னப் பிள்ளைக்கும் நஞ்சு. கொச்சிக்காய்த் தூள் தூவினால் அது காலில் ஒட்டி, நக்கும்போது வாயும் கண்ணும் எரியும். எலி மருந்து வைத்தால், நஞ்சு தின்ற எலியைத் தின்ற பூனையும் சாகும், அடுத்த மாதம் எலி இரண்டு மடங்கு வரும். பன்றிக்கென்று தீனிக்குள் வெடி வைக்கிறார்களே, 'ஹக்க பட்டஸ்', அதில் வாய் சிதறி நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும் யானைக்குட்டிகளின் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மிருகவதையைத் தடுக்கும் எங்கள் சட்டம் 1907இல் வந்தது. அதில் உள்ள குற்றப்பணம் இன்னும் நூறு ரூபாக் கணக்கிலேயே நிற்கிறது. சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை.

இன்னொன்று: பூனைக் கழிவில் இருக்கும் ஒரு கிருமி கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆபத்தானது. ஆகவே கையுறை போட்டு வேலை செய்யுங்கள், கீரையை நன்றாகக் கழுவுங்கள். பூனையை வெறுக்க இது காரணமில்லை, கவனமாக இருக்கக் காரணம்.

கடைசியாக, கருத்தடை. இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் பாதி வேலைதான். ஒரு பெண் பூனை ஆறு மாதத்திலேயே சினைப்படலாம், ஒன்பது கிழமையில் குட்டி போடும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் குட்டிகள்தான் பிறகு சாக்குகளில் துறைமுகத்துக்கும் மீன் சந்தைக்கும் போகின்றன. துருக்கியில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தெரு மிருகங்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. 2024இல் நாய்கள் விடயத்தில் அதை மாற்றி, பிடித்து அடைக்கச் சொன்னார்கள், பெரிய சண்டை வந்தது. ஆனால் இஸ்தான்பூல் தெருக்களில் பூனைகள் இன்றும் கடைக்காரர்களோடு வாழ்கின்றன. அங்கே முடிவதில் கொஞ்சமாவது எங்கள் ஊரில் முடியாதா?

நாங்கள் நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, மாமி காப்பாற்றிய குட்டியையும் அந்தக் கடுவனையும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். மாமி முதலில் தயங்கினா. "இது கூடுமா மகன்? பாவமில்லையா?" என்று கேட்டா. ஹஸ்ரத்மாரிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள் என்றுதான் நாங்கள் சொன்னோம், பத்வா சொல்ல நாங்கள் யார்? ஆனால் ஒன்றைக் கேட்டோம்: "மாமி, பிறந்து பட்டினியில செத்த ரெண்டு குட்டியையும் யாரு கணக்கில எழுதுற?" அவ பதில் சொல்லல்ல. அடுத்த நாள் கூடையை அவவே தேடி எடுத்துத் தந்தா.

குர்ஆன் மத்ரசாவில் நாம் எல்லோரும் கேட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்து, தீனியும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்ன விடவும் இல்லாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றியது. சின்ன வயதில் அதைக் கேட்டபோது எங்களுக்கு அந்தப் பெண் மேல் கோபம் வரும். நாங்கள் பூனையைக் கட்டி வைக்கவில்லை, அவிழ்த்துத்தான் விட்டோம் என்று இப்போது சொல்லலாம். ஆனால் மட்டைக் குவியலுக்குள் கிடந்த குட்டிகளுக்கு அதில் என்ன வித்தியாசம்?

ஆகவே போர்டிங்குகளில் இருக்கும் தோழர்களிடம் எங்கள் வேண்டுகோள் பெரியதில்லை. உங்கள் வாளிக்கு மூடி போடுங்கள். பொலித்தீனை மிச்சச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டாதீர்கள், அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல்தான் யானை பையோடு விழுங்குகிறது. உங்கள் வளவுப் பூனைக்குக் கருத்தடை செய்ய நாலு பேர் சேர்ந்து காசு போடுங்கள். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம், எங்கள் குப்பை எங்கே போகிறது, அங்கே வேலி இருக்கிறதா என்று கேளுங்கள். சாக்கைக் கையில் எடுப்பதற்கு முதல் பொச்சுமட்டைக் குவியலைத் தூக்கிப் பாருங்கள்.

இந்த முறை தக்காளி காய்த்திருக்கிறது. குட்டி வளர்ந்து, பாத்திக்குப் பக்கத்தில் நிழலில் படுத்துக் கிடக்கிறது. அதற்கு 'துறை' என்று பெயர் வைத்திருக்கிறோம். துறைமுகப் பக்கம் போகும்போதெல்லாம் நாங்கள் இன்னும் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, கல்லணையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். வந்ததும் மாமி கேட்பா: "தாய்ப்பூனையைக் கண்டீங்களா மகன்?"

இல்லை மாமி. இன்னும் காணல்ல.